ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? கொலஸ்ட்ராலைக் குறைக்க சாப்பாடு, நடை, மருந்து - எது எவ்வளவு உதவும்?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஆள் நடமாட்டம் குறையாது. தேனி, போடி, கம்பம் பக்கம் போகிறவர்கள் ஒருபுறம், திண்டுக்கல், திருப்பூர், கோவை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மறுபுறம். டூட்டி முடிந்த டிரைவர், கண்டக்டர்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறவர்கள், லோடு இறக்கிக் களைத்தவர்கள் என்று பலருக்கும் அந்த நேரத்தில் கண்ணில் படுவது சூடான பரோட்டாவும் சால்னாவும்தான். தூங்கா நகரத்தின் பசி அது.

இவர்களில் ஒருவர் என்றைக்காவது வேறு ஏதோ காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார். ரிப்போர்ட்டில் இரண்டு மூன்று எண்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. ‘கொலஸ்ட்ரால் கூட இருக்கு’ என்கிறார் லேப்காரர். அதன் பிறகு வீட்டில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மறுநாளே முட்டை, கறி எல்லாம் நிறுத்தப்பட்டு, வெறும் வயிற்றில் பூண்டு ஆரம்பமாகும். இல்லையென்றால், ‘எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே’ என்று அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடும்.

இரண்டுமே ஆபத்தான முடிவுகள். கொலஸ்ட்ரால் வலிக்காது, தலை சுற்றாது, மூச்சு வாங்க வைக்காது. பலருக்கு அதன் முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கிறது. ஆனால், இதைக் குறைப்பதற்கான வழிகள் தெளிவாகத் தெரிந்தவை. சாப்பாடு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கின்றன. எது எவ்வளவு செய்யும் என்று தெரிந்துகொண்டால் பயமும் அலட்சியமும் இரண்டுமே குறையும்.

ஐந்தில் நான்கு பேர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து நாடு முழுக்க ஒரு பெரிய ஆய்வை நடத்தின. 1,13,043 பேரைப் பரிசோதித்த அந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. ரத்தக் கொழுப்பின் அளவுகளில் ஏதாவது ஒரு கோளாறாவது இருந்தவர்கள் 81.2 சதவிகிதம். அதாவது, ஐந்தில் நான்கு பேர்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மொத்த கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 24 சதவிகிதம்தான். மற்ற பலருக்கு இருந்தது வேறு பிரச்னை. ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் ஹெச்.டி.எல் குறைவாக இருப்பதும், ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு அதிகமாக இருப்பதும் இந்தியர்களிடம் அடிக்கடி காணப்படும் ஜோடி. தொப்பை, சர்க்கரை, அரிசியும் மைதாவும் மிகுந்த சாப்பாடு, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவற்றோடு சேர்ந்து வருவது இந்த ஜோடி. அதனால், ‘மொத்த கொலஸ்ட்ரால் 190தான், எனக்குக் கவலையில்லை’ என்று ஒரே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

உடம்புக்குள் ஒரு பஸ் டிப்போ

கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பு இயங்காது. செல்களின் சுவர், ஹார்மோன்கள், வைட்டமின் டி, செரிமானத்துக்கான பித்தநீர் எல்லாவற்றுக்கும் அது தேவை. அதனால் கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி இப்படி உள்ளேயே உருவாவதுதான். சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவது சிறு பகுதி.

கல்லீரலை ஒரு பஸ் டிப்போவாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொழுப்பை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்புகின்றன. வழியெங்கும் சரக்கை இறக்கிய பிறகு, மிச்சமிருக்கும் கொலஸ்ட்ராலோடு சுற்றும் வண்டிதான் எல்.டி.எல். வேலை முடிந்ததும் அது டிப்போவுக்குள் திரும்ப வேண்டும். அதற்குக் கல்லீரல் செல்களில் ‘ரிசப்டர்’ என்ற வாசல்கள் இருக்கின்றன. இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வாசல்கள் குறைந்தால் வண்டிகள் உள்ளே போக முடியாமல் ரோட்டிலேயே நிற்கும். ரத்தத்தில் எல்.டி.எல் தேங்குவது இப்படித்தான். தேங்கியது ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைந்து வருடக்கணக்கில் படிகிறது. குழாயைப் பாதிகூட அடைக்காத ஒரு படிவு ஒருநாள் திடீரென்று உடைந்து, அதன் மேல் ரத்தம் உறைந்தால் அதுதான் மாரடைப்பு. ‘நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு’ என்று நாம் கேட்கும் பல கதைகளின் பின்னணி இது.

இந்த வாசல் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். நெய், வனஸ்பதி, பாமாயில், கொழுப்புக் கறி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு வாசல்களைக் குறைக்கிறது. மாத்திரை வாசல்களை அதிகப்படுத்துகிறது. சிலர் பிறவியிலேயே பாதி வாசல்களோடு பிறக்கிறார்கள். ஒல்லியாக இருப்பார்கள், சுத்த சைவமாகவும் இருப்பார்கள், ஆனால் எல்.டி.எல் 190-க்கு மேல் நிற்கும். அது அவர்கள் சாப்பாட்டின் குற்றமில்லை. பரம்பரையாக வருவது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை அவசியம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில், இந்தியர்களுக்கென்றே ரத்தக் கொழுப்பு பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துகொள்ளலாம். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, பரம்பரைக் கொழுப்புக் கோளாறோ இருந்தால் அதற்கும் முன்பே.

இரண்டாவது, வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாப்பிட்ட பிறகு கொடுத்த ரத்தத்தையும் வைத்து முதல் கட்ட முடிவுக்கு வரலாம். ட்ரைகிளிசரைட் மிக அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்க்கச் சொல்வார்கள். நேரம் கெட்ட நேரத்தில் டூட்டி பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே இலக்கு கிடையாது. ஆபத்து குறைவாகவோ மிதமாகவோ உள்ளவர்களுக்கு எல்.டி.எல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. பக்கத்து வீட்டுக்காரருக்கு 95 சரியாக இருக்கலாம். ஸ்டென்ட் வைத்த உங்கள் அப்பாவுக்கு அதே 95 அதிகம். லேப் தாளில் ‘நார்மல்’ என்று அச்சடித்திருப்பது பொதுவான அளவு. உங்களுக்கான அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இதோடு ஒரு சின்னக் கழித்தல் கணக்கும் போட்டுப் பாருங்கள். மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்-ஐக் கழித்தால் வருவது, ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொழுப்பு வண்டிகளின் கூட்டுத்தொகை. ட்ரைகிளிசரைட் அதிகமுள்ள நம்மவர்களுக்கு இந்த எண் ரொம்ப முக்கியம். உங்கள் எல்.டி.எல் இலக்கு எதுவோ, அதோடு 30-ஐக் கூட்டினால் இதற்கான இலக்கு.

ஓர் உதாரணத்துக்கு, 46 வயது கண்டக்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 242, ஹெச்.டி.எல் 36, ட்ரைகிளிசரைட் 230, எல்.டி.எல் 160. கழித்துப் பார்த்தால் 206. ஆண்களுக்கு ஹெச்.டி.எல் 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டும். ட்ரைகிளிசரைட் 150-க்குள் இருக்க வேண்டும். நம் கண்டக்டருக்கு இரண்டுமே சரியில்லை. இவர் என்ன செய்யலாம்?

முதல் படி: அடுப்படி

மதுரைக்காரரிடம் போய் ‘இனிமேல் பரோட்டாவே கிடையாது’ என்று சொன்னால் பத்து நாள் கேட்பார், பதினோராவது நாள் புதூர் பக்கமோ சிம்மக்கல் பக்கமோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அதனால் தினமும் சாப்பிடுவது எது, எப்போதாவது சாப்பிடுவது எது என்று பிரித்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம். பரோட்டா, கறி தோசை, குடல் குழம்பு, ஜிகர்தண்டா எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை என்ற பட்டியலுக்குப் போகட்டும். அந்த ராத்திரி நேரத்தில் இதே ஊரில் இட்லியும் சாம்பாரும் சுடச்சுடக் கிடைக்கின்றன. ஆனால், அதிலும் தேங்காய்ச் சட்னியை அளவோடு வைத்துக்கொண்டு சாம்பாரையும் புதினாச் சட்னியையும் கூடுதலாகக் கேட்கலாம்.

எண்ணெய்: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது பல உணவியல் நிபுணர்கள் சொல்லும் எளிய அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு லிட்டர். இந்த மாதம் உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் செலவானது என்று கணக்குப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கடலெண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை எல்லா வீடுகளாலும் ஒதுக்கிவிட முடியாது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதையே வாங்கும் வீடுகளில் வடை, அப்பளம் பொரிப்பதற்கு அதை ஊற்றிக் காலி செய்யாமல், தாளிப்புக்கு மட்டும் அளந்து ஊற்றினாலே நல்ல முன்னேற்றம்தான்.

பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செடி, மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது, தேங்காயெண்ணெயிலும் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் எவ்வளவு என்பதைத்தான். எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், ஒரே எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அந்த விதியால் என்ன பயன்? வீட்டிலும் சரி, கடையிலும் சரி, நிறம் மாறி நுரைக்கும் எண்ணெயில் பொரித்ததைத் தவிர்ப்பது நல்லது.

முட்டையும் கறியும்: ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனாலும் அது ரத்தத்தில் ஏற்றும் அளவு, நிறைவுற்ற கொழுப்பு ஏற்றுவதைவிடக் குறைவு. ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு ஒரு முட்டை பெரிய பிரச்னையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களும் எல்.டி.எல் மிக அதிகமுள்ளவர்களும் எத்தனை சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். முட்டையை நிறுத்திவிட்டு, அதே தோசைக்கல்லில் இரண்டு கரண்டி நெய் ஊற்றினால் எந்தப் பயனும் இல்லை. ஆட்டுக்கறியில் ஈரல், குடல், மூளை, கொழுப்புத் துண்டு இவற்றைக் குறைத்து, தோல் நீக்கிய கோழியையும் மீன் குழம்பையும் முன்னுக்குக் கொண்டு வரலாம். மீனைப் பொரித்தால் அதன் நன்மை எண்ணெயில் போய்விடும். குழம்பாக வையுங்கள்.

சோறு: ட்ரைகிளிசரைட் அதிகமுள்ளவர்கள் எண்ணெயைவிட முதலில் பார்க்க வேண்டியது தட்டில் குவியும் சோற்றை. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி வண்டியில் ஏற்றிவிடும். சோறு கால் தட்டு, காய்கறி அரைத் தட்டு, பருப்பு, பயறு, மீன், முட்டை போன்றவை கால் தட்டு என்று மாற்றிப் பாருங்கள். டீயில் சர்க்கரையும் அதோடு வரும் பன், பஜ்ஜியும் இதே கணக்கில்தான் வரும். மதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும்.

நார்ச்சத்து: கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தநீர் தயாரிக்க ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸ்தான் வேண்டுமென்று இல்லை. கொண்டைக்கடலை, காராமணி, தட்டைப்பயறு, கொள்ளு, வெண்டைக்காய், கொத்தவரங்காய், கொய்யா எல்லாம் இதே வேலையைச் செய்பவை. சாயங்கால வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்பது மிக எளிய மாற்றம். கம்பு, கேழ்வரகு, சாமை போன்ற சிறுதானியங்களைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு மொத்த கொலஸ்ட்ரால் சுமார் 8 சதவிகிதம் குறைந்ததாக, ஐதராபாத்திலுள்ள இக்ரிசாட் நிறுவனம் தலைமையேற்று 2021-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

பூண்டு, வெந்தயம், கொள்ளு ரசம்? தாராளமாகச் சாப்பிடலாம். நல்ல உணவுகள். ஆனால் 160-ல் இருக்கும் எல்.டி.எல்-ஐ அவை மட்டுமே 100-க்குக் கொண்டுவந்துவிடாது. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இத்தனை மாற்றங்களையும் ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல் பொதுவாக 10 முதல் 15 சதவிகிதம் குறையும். நம் கண்டக்டரின் 160, மூன்று மாதத்தில் 140-க்குப் பக்கத்தில் வரலாம். ட்ரைகிளிசரைட் இன்னும் நன்றாகவே இறங்கும்.

இரண்டாவது படி: நடை

வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது, ஐந்து நாள், அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மதுரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானம், வண்டியூர் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை என்று காலையிலேயே நடப்பவர்களைப் பார்க்கலாம். ஆரப்பாளையம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வைகைக் கரைச் சாலை கூப்பிடு தூரம். வண்டிகள் அதிகமாகும் முன்பு, விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடலாம்.

நேரமே இல்லை என்பவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கு சரியாகிவிடும். டிரைவர் சீட்டிலோ கல்லாவிலோ தையல் மெஷினிலோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. தண்டால்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை இருபது முறை செய்தாலும் போதும்.

இதில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடை, எல்.டி.எல்-ஐப் பெரிதாகக் குறைக்காது. அது குறைப்பது ட்ரைகிளிசரைட், தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை. ஹெச்.டி.எல் கொஞ்சம் ஏறும். ‘ஆறு மாசமா நடக்கிறேன், எல்.டி.எல் அப்படியேதான் இருக்கு’ என்று சோர்ந்துபோய் நடையை நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடை உங்கள் இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அந்த ஓர் எண்ணில் தெரியவில்லை, அவ்வளவுதான். பீடி, சிகரெட்டை விடுவதும் அப்படியே. விட்டால் ஹெச்.டி.எல் உயரும். ரத்தக்குழாய்க்கு அதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

நாற்பது வயதைத் தாண்டி, இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கள், நடக்கும்போது நெஞ்சில் பாரம் உணர்பவர்கள், ஏற்கெனவே இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மூன்றாவது படி: அரிசிக் கடையில் கிடைத்த மருந்து

ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் பூஞ்சைகளில் இருக்கலாம் என்று நம்பினார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில் 1973-ல், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அவர் தேடியது கிடைத்தது. அதுதான் முதல் ஸ்டாட்டின். 1987-ல் லோவாஸ்டாட்டின் என்ற மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. இன்று நம் ஊர் மருத்துவர்கள் எழுதும் அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் அந்த வம்சம்தான். எண்டோ 2024 ஜூனில் தன் 90-வது வயதில் காலமானார்.

ஸ்டாட்டின், கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் கூடுதலாக வாசல்களைத் திறந்து, ரோட்டில் நிற்கும் எல்.டி.எல் வண்டிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேர் ஐந்து வருடங்களுக்கும் மேல் கண்காணிக்கப்பட்டார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவிகிதம் குறைந்திருந்தது. மருந்தின் மேல் இருந்த பல சந்தேகங்களைத் தீர்த்துவைத்த ஆய்வு அது.

மிதமான அளவு ஸ்டாட்டின் எல்.டி.எல்-ஐ 30 முதல் 50 சதவிகிதம் வரை குறைக்கும். அதிக அளவு, 50 சதவிகிதத்துக்கும் மேல். சாப்பாட்டு மாற்றத்தால் 140-க்கு வந்த கண்டக்டர், மிதமான அளவு மாத்திரையோடு 70-க்கும் 98-க்கும் இடையில் வந்துவிட முடியும். சாப்பாட்டால் மட்டும் அங்கே போயிருக்க முடியாது. மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் ட்ரைகிளிசரைடும் தொப்பையும் அப்படியே நின்றிருக்கும். ஸ்டாட்டின் போதவில்லை என்றால் எஸடிமைப் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். இன்னும் கடினமான நிலைமைகளுக்கு ஊசி மருந்துகளும் வந்துவிட்டன.

எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவையா? இல்லை. ஆபத்து குறைந்தவர்கள் முதலில் மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் முயன்று பார்க்கலாம். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், எல்.டி.எல் 190-க்கு மேல் உள்ளவர்கள், நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு மாத்திரையும் சாப்பாட்டு மாற்றமும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

‘ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?’

மாத்திரையைப் பற்றி வீடுகளில் உலவும் பயங்கள் நான்கைந்துதான்.

பழகிவிடுமா? ஸ்டாட்டினுக்கு உடம்பு அடிமையாவதில்லை. ஆனால் அது வேலை செய்வது எடுத்துக்கொள்ளும் வரைதான். மூன்று மாதத்தில் ரிப்போர்ட் நார்மலாக வந்தால், அது மாத்திரை வேலை செய்வதற்கான சான்று. ‘சரியாயிடுச்சு’ என்று நிறுத்தினால் சில வாரங்களிலேயே எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றி வைப்பது போன்றது அது. எடை நன்றாகக் குறைந்து, சாப்பாடு மாறியிருந்தால் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

உடம்பு வலிக்குமா? சிலருக்குத் தசைவலி உண்மையிலேயே வரும். ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதங்கள் உண்மையான மாத்திரை, சில மாதங்கள் அதே போன்ற வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றித் தரப்பட்டது. உண்மையான மாத்திரையில் அவர்கள் உணர்ந்த தொந்தரவில் 90 சதவிகிதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் இருந்தது. வலி பொய் இல்லை. அதற்குக் காரணம் மருந்துதான் என்பது பெரும்பாலும் சரியில்லை. வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். கடுமையான வலியோடு சிறுநீர் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது மிக அரிது.

கல்லீரல் கெடுமா? சர்க்கரை வருமா? கல்லீரல் பாதிப்பு அபூர்வம். தொடங்கும் முன் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் போதும், பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம். சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சற்று ஏறும் வாய்ப்பு உண்டு. ஆனால் அவர்களுக்குத்தான் மாரடைப்பு ஆபத்தும் அதிகம். அதனால் கிடைக்கும் நன்மையே பெரிது.

யார் சொல்லிவிட வேண்டும்? கர்ப்பமாக இருக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும், பாலூட்டும் பெண்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பொதுவாக அந்தக் காலத்தில் ஸ்டாட்டின் தரப்படுவதில்லை. வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும், ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் அதோடு ஒத்துப்போகாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செலவு? அரசு மருத்துவமனைகளில் அட்டார்வாஸ்டாட்டின் இலவசம். வெளியே வாங்குபவர்களுக்கு மக்கள் மருந்தகங்களில் ஜெனரிக் மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

‘கேஸ்’ என்று நினைத்துவிடாதீர்கள்

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால், ‘ராத்திரி சாப்பிட்டது செரிக்கல, கேஸாத்தான் இருக்கும்’ என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் அசதி, வாந்தி உணர்வு மட்டும் வரக்கூடும்.

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மருந்துகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகள். ஆம், தினசரி ஒன்றாகப் போடும் அதே ஸ்டாட்டின், உயிர் காக்கும் அந்த முதல் தவணையிலும் இருக்கிறது. உசிலம்பட்டி, செக்கானூரணி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வந்துசேர நேரமாகும். அதற்குள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி பார்த்து, இந்த மருந்தைக் கொடுத்து அனுப்பினால் இதயத் தசை காப்பாற்றப்படும் வாய்ப்பு கூடும். மருந்தைத் தர வேண்டியவர்கள் அங்கிருப்பவர்கள்தான். வீட்டில் நீங்களாகக் கையில் எடுக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

* வீட்டில் 18 வயதைத் தாண்டிய எல்லோருடைய கொலஸ்ட்ரால் அளவும் தெரியுமா என்று பாருங்கள். தெரியாதவர்களுக்கு ஒருமுறை பரிசோதனை.
* உங்கள் எல்.டி.எல் இலக்கு 100-ஆ, 70-ஆ, 55-ஆ என்று மருத்துவரிடம் கேட்டு, ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.
* எண்ணெய்ப் பாக்கெட்டை உடைக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தீரும்போது கணக்கு தெரிந்துவிடும்.
* ஒருவருக்காகத் தனிச் சமையல் வேண்டாம். ஒரே சமையல், எல்லோருக்கும் எண்ணெய் குறைவாக. பரம்பரையாக வரும் ஆபத்து பிள்ளைகளுக்கும் உண்டு.
* மாத்திரை தொடங்கியவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும். அந்தத் தேதியையும் அதே காலண்டரில் வட்டமிடுங்கள்.

அந்த மறுபரிசோதனையில் எண்கள் இலக்குக்குள் வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். அன்று ராத்திரியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.